விலைக்கு வாங்கும் உறுதி

வாரண்டி நீட்டிப்பு என்பது, இன்னும் நேராத பழுதின் செலவை வேறொருவர் ஏற்றுக்கொள்வதற்காக இன்றே கொடுக்கும் பணம். கணினியோடு வரும் ஓராண்டு அல்லது மூன்றாண்டு வாரண்டி அதிலிருந்து வேறானது. அது விலைக்குள் அடக்கம். தான் விற்கும் பொருளின் தரத்துக்கு விற்பவர் தரும் பிணை. அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மாக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் இவ்விரண்டையும் தனித்தனிப் பெயரிட்டே பிரிக்கிறது. விலையோடு சேர்ந்து வருவது வாரண்டி. தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு தருவது சேவை ஒப்பந்தம். கடையில் இரண்டும் ஒரே பெயரில் அழைக்கப்படுவதால், அவை வெவ்வேறு அறக் கேள்விகளை எழுப்புபவை என்பது பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை.

நீட்டிப்புக் காலம் முழுவதும் கணினி பழுதின்றி ஓடினால், கொடுத்த பணத்துக்கு ஈடாகக் கைக்கு எதுவும் வராது. இரண்டாம் மாதமே மதர்போர்டு போய்விட்டால், கொடுத்ததைப் போலப் பல மடங்கு திரும்ப வரும். ஒப்பந்தம் போடும் நாளில் இந்த இரண்டில் எது நடக்கும் என்று இரு தரப்புக்கும் தெரியாது. இப்படிப்பட்ட கொடுக்கல் வாங்கல் நியாயமானதா என்று சமயங்களும் தத்துவமும் கணினி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே கேட்டுவிட்டன. கணினி ஏற்கெனவே மக்கர் செய்யத் தொடங்கியிருந்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. திரை மினுக்குகிறது, நடுவேலையில் உறைந்து நிற்கிறது, ஹார்டு டிஸ்க்கில் புதுச் சத்தம் கேட்கிறது. இப்போது ஒரு தரப்புக்குத் தெரிந்தது மறு தரப்புக்குத் தெரியாது.

முதலில் தீர்க்க வேண்டியது, இருக்கும் பழுது யாருடைய பொறுப்பு என்பது. பண்டைய ரோமில் சந்தைகளை மேற்பார்வையிட்ட ஈடைல் என்ற அதிகாரிகள், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்பவர்கள் அவற்றின் குறைகளை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ஆணையிட்டனர். மறைந்திருந்த குறை பின்னர் தெரியவந்தால், வாங்கியவர் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அல்லது ஓராண்டுக்குள் விலையில் கழிவு கேட்கலாம். மனிதரை விற்ற சந்தையின் சட்டம் என்பதால் அதைப் படிக்கும்போது மனம் சுருங்குகிறது. ஆனாலும் பொருட்குறைக்கு விற்பவரே பொறுப்பு என்ற கொள்கை ஐரோப்பியச் சட்டங்களுக்கு வந்து சேர்ந்த வழிகளில் அது முக்கியமானது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், மறைவான குறையைச் சொல்லாமல் விற்பதைப் பாவம் என்றே கருதினார். இஸ்லாமியச் சட்டத்தில் இதற்கு ஈடான உரிமைக்குக் ‘கியாருல் ஐப்’ என்று பெயர். விற்கும்போதே பொருளில் இருந்த குறையைப் பின்னர் கண்டறிந்தவருக்கு, அதை வைத்துக்கொள்ளவோ திருப்பித் தரவோ உரிமை உண்டு. ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் இந்த உரிமை இருக்கும்.

இதிலிருந்து கணினிக்கு நேரடியாக ஒரு முடிவு கிடைக்கிறது. வாரண்டி உயிரோடு இருக்கும்போதே தலைகாட்டிய பழுது, விற்றவர் அடைக்க வேண்டிய பழைய கடன். அதே பழுது வாரண்டி முடிந்த பிறகும் தொடர்கிறது என்பதற்காக நீட்டிப்பு வாங்குவது, வர வேண்டிய கடனை வசூலிக்கக் கடனாளிக்கே கட்டணம் செலுத்துவதாகும். ஆகவே முதற்கடமை, காலம் முடிவதற்குள் சர்வீஸ் சென்டரில் புகாரைப் பதிவு செய்து, பழுதை எழுதிய ஜாப் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வது. இரண்டு முறை சரிசெய்தும் திரும்பிய பழுது என்றால், ஒவ்வொரு முறைக்குமான தாள் கையில் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999ஆம் ஆண்டு நெறிமுறை, நுகர்பொருள்களுக்கு இரண்டாண்டுச் சட்டப் பொறுப்பை விற்பவர் மீது சுமத்தியது. முதல் ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, பொருள் கைமாறும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும் என்றும் சொன்னது. 2019இல் வந்த புதிய நெறிமுறை அந்த ஆறு மாதத்தை ஓராண்டாக்கியது. குறை எப்போது பிறந்தது என்பதை வாங்கியவர் நிரூபிப்பது ஏறக்குறைய இயலாத காரியம் என்பதை இந்த ஏற்பாடு உணர்ந்திருக்கிறது.

வடிவமைப்பிலேயே பிழை இருந்த பெரிய நிகழ்வுகளில், நிறுவனங்கள் காசு வாங்காமலே காலத்தை நீட்டியிருக்கின்றன. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவியில் மூன்று சிவப்பு விளக்குகள் மின்னும் பழுதுக்கு வாரண்டியை மூன்றாண்டாக உயர்த்தி, அதற்காக நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. 2018 ஜூனில் ஆப்பிள், மேக்புக்குகளில் எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும் கீபோர்டுகளை, வாங்கிய நாளிலிருந்து நான்காண்டுகள் வரை இலவசமாகச் சரிசெய்ய முன்வந்தது. 2024 ஆகஸ்டில் இன்டெல், மிகை மின்னழுத்தத்தால் நிலைகுலைந்த பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை டெஸ்க்டாப் செயலிகளுக்கு இரண்டாண்டு கூட்டிக் கொடுத்தது. ஆதலால் நீட்டிப்புக்குப் பணம் கட்டுமுன், தன் கணினியின் பழுது அந்த மாடல் முழுவதற்கும் பொதுவானதா என்று பார்ப்பது அவசியம். பொதுவானது என்றால் அது வாங்கியவரின் தலைவிதியாக இருக்க முடியாது. செய்தவரின் பிழையாகவே இருக்கும்.

இந்தக் கடன் கழிந்த பிறகு மிஞ்சுவதுதான் உண்மையான சமயக் கேள்வி. இனி வரக்கூடிய, யாருக்கும் தெரியாத பழுதுக்கு இன்றே விலை பேசலாமா? இதை மிக விரிவாக ஆராய்ந்த மரபு இஸ்லாமியச் சட்டம். ‘கரர்’ உள்ள விற்பனையை நபிகள் நாயகம் தடுத்ததாக இமாம் முஸ்லிமின் ஹதீஸ் தொகுப்பில் பதிவு உள்ளது. விளைவு மறைந்திருக்கும் பேரமே கரர். நீரில் இருக்கும் மீனைப் பிடிப்பதற்கு முன்பே விற்பது, வானில் பறக்கும் பறவையை விற்பது, தாய் வயிற்றில் இருக்கும் குட்டியை மட்டும் தனியே விற்பது ஆகியவை சட்ட நூல்கள் தரும் எடுத்துக்காட்டுகள். வாங்குபவருக்குப் பொருள் கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும் என்பது தெரியாமலே பணம் கைமாறுவதுதான் இவற்றின் பொதுக்குறை. அதே சமயம் அறிஞர்கள் சிறிதளவு கரரைப் பொறுத்துக்கொண்டார்கள். குளியல் கூடத்துக்கு ஒரே நுழைவுக் கட்டணம்தான் வாங்குவார்கள். உள்ளே சென்றவர் எவ்வளவு நீர் ஊற்றிக் குளிப்பார், எவ்வளவு நேரம் இருப்பார் என்று யாரும் அளப்பதில்லை. அதை ஆகும், அதாவது அனுமதிக்கப்பட்டது, என்றே எல்லோரும் ஏற்றார்கள். ஆக, வாதமெல்லாம் கரர் எந்த அளவைத் தாண்டும்போது ஒப்பந்தம் கெடுகிறது என்பது பற்றியதுதான்.

ஐரோப்பியக் கப்பல் காப்பீடு கிழக்கு மத்தியதரைத் துறைமுகங்களை எட்டியபோது, டமாஸ்கஸைச் சேர்ந்த ஹனஃபி சட்ட மரபின் அறிஞர் இப்னு ஆபிதீன் (மறைவு 1836) அதை ஆராய்ந்தார். இஸ்லாமிய ஆட்சிப் பகுதியில் போட்ட ஒப்பந்தத்தின் பேரில் மூழ்கிய சரக்குக்கு ஈடு பெறுவது ஆகாது என்பது அவர் தீர்ப்பு. கேட்டுக்குக் காரணமாகாத ஒருவரை அந்தக் கேட்டுக்குப் பொறுப்பாக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். மக்காவில் இயங்கும் ஃபிக்ஹ் (இஸ்லாமியச் சட்டவியல்) பேரவை 1978இலும், இஸ்லாமிய நாடுகள் அமைப்பைச் சேர்ந்த சர்வதேச ஃபிக்ஹ் பேரவை 1985இலும் வணிகக் காப்பீட்டைப் பெருங்கரர் கொண்டதாக விலக்கின. இதற்கு மாறாக நின்றவர்களில் முதன்மையானவர் சிரியாவின் முஸ்தஃபா அஸ்ஸர்கா. காவலாளியை அமர்த்துபவர் கூலி கொடுப்பது நிம்மதிக்காக. அந்த இரவு திருடன் வராவிட்டாலும் கூலி வீண் என்று எவரும் சொல்வதில்லை. காப்பீட்டிலும் விற்கப்படுவது அந்த நிம்மதியே என்றார் அவர். இந்த வாதம் வலுவானது. ஆனால் காவலாளி இரவெல்லாம் விழித்திருக்கிறார், அந்த உழைப்பு உண்மையில் நடக்கிறது. வாரண்டி விற்றவர் பழுது வரும்வரை கணினிக்காக எதையும் செய்வதில்லை. அஸ்ஸர்காவின் ஒப்புமை தளர்வது இந்த இடத்தில்தான்.

சர்வதேச ஃபிக்ஹ் பேரவை 1998இல் பஹ்ரைனின் மனாமாவில் கூடி, பராமரிப்பு ஒப்பந்தங்களைப் பற்றித் தனியே ஒரு தீர்மானம் எடுத்தது. கணினிக்கு மிக நெருக்கமானது இதுவே. பராமரிப்பவர் வேலையை மட்டும், அல்லது கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவு சிறு பொருள்களோடு வேலையைச் செய்து தந்தால், அது வேலைக்கான கூலி ஒப்பந்தம். வேலையும் கூலியும் தெளிவாக இருக்குமானால் ஆகும். விற்கும்போதே குறிப்பிட்ட காலத்துக்குப் பராமரிப்பு விற்றவர் பொறுப்பு என்று நிபந்தனை போட்டால் அதுவும் ஆகும். மற்றச் சில வடிவங்களை மேலும் ஆராய வேண்டும் என்று பேரவை தள்ளிவைத்தது. அலுவலகங்களில் ஏ.எம்.சி என்று அழைக்கப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் முதல் வகைக்கு எளிதில் பொருந்துகிறது. ஆள் குறித்த நாளில் வந்து தூசி நீக்கி, விசிறியைச் சோதித்துப் போகிறார். பழுது வராவிட்டாலும் வேலை நடந்திருக்கிறது. வாங்கும் நாளிலேயே பில்லில் சேர்த்த மூன்றாண்டு வாரண்டி இரண்டாம் வகைக்குப் பொருந்துகிறது. பழைய வாரண்டி முடியும் தறுவாயில் மூன்றாம் நிறுவனம் ஒன்றிடம் தனியே வாங்கும் நீட்டிப்புதான் காப்பீட்டுக்கு மிக அருகில் நிற்கிறது.

கிறிஸ்தவ ஐரோப்பா வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தது. அங்கே தொல்லை தந்தது வட்டித் தடை. கடலில் போகும் சரக்குக்குக் கடன் கொடுத்து, ஆபத்தை ஏற்றதற்காகக் கூடுதல் தொகை பெறுவதையும் வட்டி என்றே கண்டித்தது போப் ஒன்பதாம் கிரகோரியின் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கட்டளை. வணிகர்கள் கடனையும் ஆபத்தையும் பிரித்துவிட்டார்கள். பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் ஜெனோவாவில் கடல் காப்பீடு தனி ஒப்பந்தமாக எழுதப்பட்டது. போர்ச்சுகலைச் சேர்ந்த சட்ட அறிஞர் சாந்தர்னா எழுதிய காப்பீட்டு நூல் 1552இல் வெனிஸில் அச்சானது. ஆபத்தை ஏற்றுக்கொள்வதற்கு ஒரு விலை உண்டு, அதைப் பெறுவது வட்டியாகாது என்பது அதன் நிலை. ஆனால் உயிருக்குக் காப்பீடு எடுப்பதை ஃபிரான்ஸின் 1681ஆம் ஆண்டுக் கடற்சட்டம் தடுத்தது. சரக்குக்கு விலை வைக்கலாம், மனித உயிருக்கு வைக்கக்கூடாது என்று அந்தக் காலம் கோடு போட்டது.

விலை எப்போது நியாயமாகிறது என்பதற்குக் கணக்கு வடிவில் பதில் தந்தவர் கணித அறிஞர் டானியல் பெர்னூலி. 1738இல் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகம் வெளியிட்ட கட்டுரையில் அவர் ஒரு வணிகனை முன்வைக்கிறார். ஆம்ஸ்டர்டாமிலிருந்து வரும் அவன் சரக்கின் மதிப்பு 10,000 ரூபிள்; நூறு கப்பலில் ஐந்து மூழ்கும்; காப்பீட்டுக் கட்டணம் 800 ரூபிள். சராசரி இழப்பு 500 ரூபிள்தான், ஆகவே 300 ரூபிள் அதிகம். அப்படியும் அவனிடம் வேறு சொத்து 5,043 ரூபிளுக்குக் குறைவாக இருந்தால் காப்பீடு எடுப்பதே அறிவுடைமை என்கிறது கணக்கு. காப்பீடு விற்பவரிடமோ குறைந்தது 14,243 ரூபிள் இருக்க வேண்டும். ஒரே ஒப்பந்தம் ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே வேளையில் நியாயமாக இருக்க முடியும் என்பது இதனால் விளங்குகிறது. கணினி நீட்டிப்புக்கும் இதே அளவுகோல்தான். எதிர்பாராத மதர்போர்டுச் செலவை மாதச் சம்பளத்திலிருந்து தாங்கக்கூடியவர், சராசரியைவிட அதிகம் கொடுத்து உறுதி வாங்கத் தேவையில்லை. அந்த ஒரே லேப்டாப்பில் தட்டச்சு செய்து பிழைப்பவருக்கு, அந்த அதிகத் தொகை வீணாகாது.

பெர்னூலியின் கணக்கில் இருவருக்கும் நூற்றுக்கு ஐந்து என்ற எண் தெரியும். கணினியில் அப்படி இல்லை. மின்னணுப் பொருள்கள் தொடக்கத்தில் கொஞ்சம் அதிகமாகவும், நடுக்காலத்தில் குறைவாகவும், முதுமையில் மீண்டும் அதிகமாகவும் பழுதாகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கருத்து. எல்லா உதிரிபாகங்களுக்கும் அது பொருந்துவதில்லை. நீட்டிப்பு வழக்கமாக அந்தக் குறைந்த நடுக்காலத்தையே மூடுகிறது. எந்த மாடல் எத்தனை திரும்பி வருகிறது என்ற கணக்கு நிறுவனத்திடம் இருக்கிறது. வாங்குபவரிடம் ஒரே ஒரு கணினிதான். கரர் தடையின் உயிர் இங்கே இருக்கிறது. வருங்காலம் தெரியாதது மனிதர் எல்லோருக்கும் பொது. அது யாரையும் ஏமாற்றுவதில்லை. ஒருவர் தெரிந்துகொண்டு மற்றவரின் அறியாமைக்கு விலை வைக்கும்போதுதான் உறுதி விற்பனை அநீதியாகிறது. பிரிட்டனில் 2005இல் வந்த ஆணை, மின்சாதனங்களுக்கான நீட்டிப்பின் விலையைக் கடையில் தெளிவாகக் காட்டச் சொல்லி, வாங்கியவர் 45 நாள்களுக்குள் ரத்து செய்ய உரிமை தந்ததும் இந்த ஏற்றத்தாழ்வைக் கொஞ்சமாவது குறைக்கவே.

கணினி தடுமாறத் தொடங்கியதும் தராசு மறுபக்கம் சாய்கிறது. கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையின்படி, முதல் ஸ்கேன் பிழை தோன்றிய டிஸ்க், தோன்றாததைவிட அடுத்த 60 நாளில் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு அதிகம். அதே ஆய்வில், செயலிழந்தவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான எந்த முன்னறிகுறியும் காட்டாமலே போயின. அறிகுறி இல்லாதது நலத்துக்குச் சான்றல்ல. அறிகுறி இருப்பதோ கேட்டுக்கு வலுவான சான்று. அந்தச் சத்தத்தைக் கேட்டவர் கணினியின் சொந்தக்காரர் மட்டுமே. நீட்டிப்பு விற்பவர் கேட்கவில்லை.

கி.மு. 44இல் சிசரோ எழுதிய கடமைகள் பற்றிய நூலின் மூன்றாம் பகுதி இதற்கு நேரான விவாதம் ஒன்றைத் தருகிறது. பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்கு ஒரு வணிகன் தானியம் கொண்டுவருகிறான். பின்னால் வேறு கப்பல்களும் வருவது அவனுக்குத் தெரியும். அதைச் சொன்னால் விலை விழும். இன்னொருவன் உத்திரம் உளுத்த வீட்டை விற்கிறான். சட்டம் கேட்பதை மட்டும் சொன்னால் போதும் என்றார் பாபிலோனின் டயோஜெனஸ். அவர் மாணவர் ஆன்டிபேட்டர், தெரிந்த எதையும் மறைக்கக்கூடாது என்றார். இருவரும் ஸ்டோயிக் மரபினர். சிசரோ ஆன்டிபேட்டர் பக்கம் நின்றார். இந்த விவாதத்தில் விற்பவன் இருக்கும் இடத்தில், தடுமாறும் கணினிக்கு நீட்டிப்பு கேட்பவர் நிற்கிறார். அவர் பணம் கொடுக்கிறார் என்பதால் அறக்கடமை எதிர்ப்பக்கம் போய்விடுவதில்லை. உளுத்த உத்திரத்தை இன்னொருவர் தோளுக்கு மாற்றுபவர் அவரே. நீட்டிப்பு ஒப்பந்தங்கள் ஏற்கெனவே இருந்த பழுதை வழக்கமாக விலக்கி வைக்கின்றன. மறைத்து வாங்கியவர் பின்னர் ஈடு கேட்கும்போது, பழுது எப்போது தொடங்கியது என்ற கேள்விக்குப் பொய் சொல்ல வேண்டிவரும். சொல்லிவிட்டு வாங்குவதே வழி. சொன்ன பிறகு அவர்கள் விலையைக் கூட்டலாம், பரிசோதித்துப் பார்க்கலாம், மறுக்கலாம். பெரிய நிறுவனத்திடம் மறைப்பது பாவமில்லை என்ற வாதம் பரவலாகக் கேட்கப்படுகிறது. ஆனால் அந்தச் செலவைச் சுமப்பவர்கள், அடுத்த ஆண்டு கூடுதல் விலைக்கு அதே நீட்டிப்பை வாங்கும் மற்ற வாடிக்கையாளர்கள்.

உறுதி தேடுவதே இறைநம்பிக்கைக்குக் குறைவு என்ற கருத்தும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டாமல் இறைவனிடம் பொறுப்புக் கொடுக்கலாமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டுப் பொறுப்புக் கொடுக்க நபிகள் நாயகம் சொன்னதாகத் திர்மிதி ஹதீஸ் தொகுப்பில் வரும் செய்தி அதற்குப் பதிலாகும். நம் கையில் உள்ளது எது, இல்லாதது எது என்று ஸ்டோயிக் தத்துவவாதி எபிக்டெட்டஸ் செய்த பாகுபாடும் இங்கே உதவும். டிஸ்க் எப்போது சாகும் என்பது நம் கையில் இல்லை. அதில் உள்ளதைப் பிரதி எடுத்து வைப்பது நம் கையில் இருக்கிறது. பொதுவான நீட்டிப்பு டிஸ்க்கை மாற்றித் தரும், அதிலிருந்த ஆய்வேட்டையும் குழந்தையின் படங்களையும் தராது. மாற்றிய பழைய டிஸ்க்கை நிறுவனம் எடுத்துக்கொண்டு போவதும் வழக்கம். எனவே அறிகுறி தெரிந்த நாளில் வாரண்டியைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே காப்புப்பிரதி எடுத்தாக வேண்டும்.

பல கணினிகள் உள்ள இடங்களில் கேள்வி வேறு உருவம் எடுக்கிறது. நாற்பது லேப்டாப் வைத்திருக்கும் கல்லூரித் துறையோ அச்சகமோ பெர்னூலியின் கணக்கில் காப்பீடு விற்பவரின் இடத்துக்கு நெருங்கிவிடுகிறது. ஆபத்து நாற்பதில் பரவிக் கிடப்பதால் வெளியே உறுதி வாங்க அவசியம் குறைவு. சர்வதேச ஃபிக்ஹ் பேரவையின் 1985 தீர்மானம் வணிகக் காப்பீட்டுக்கு மாற்றாகக் காட்டிய கூட்டுறவு முறையும் இதையே செய்கிறது. பங்கேற்பவர்கள் தத்தம் தொகையை ஒருவருக்கொருவர் உதவும் கொடையாகப் பொது நிதியில் போடுகிறார்கள். கேடு வந்தவருக்கு அதிலிருந்து செலவாகிறது. சூடானில் 1979இலேயே இந்த வழியில் ஒரு நிறுவனம் தொடங்கியது. மலேசியா 1984இல் இதற்கென ‘தகாஃபுல்’ சட்டம் இயற்றியது. ஒரு துறை அல்லது நண்பர் குழு, நீட்டிப்புக்குக் கொடுக்கும் தொகையை ஆண்டுதோறும் பழுதுநிதியாக ஒதுக்கினால் அதே கொள்கை சிறு அளவில் நடைமுறைக்கு வரும். எந்தக் கணினி தடுமாறுகிறது என்பது உறுப்பினர் எல்லோருக்கும் தெரிந்தே இருக்கும். பழுது குறைந்த ஆண்டில் மிஞ்சும் பணம் போட்டவர்களுடையதாகவே இருந்து அடுத்த ஆண்டுக்குச் செல்லும்.